நீரில் பிளாஸ்மா முறையால் சாய மாசுகளைச் சிதைத்தல்: நொய்யல் தரும் படிப்பினையும் தென்பெண்ணைக்கான பொருத்தமும்

ஆய்வுச் சுருக்கம்

சாயக் கழிவுநீரைத் தூய்மையாக்கும் புதிய முறைகளுள் ஒன்றாக, நீரின் உள்ளேயோ நீர்ப்பரப்பின் மீதோ பிளாஸ்மாவை உருவாக்கிச் சாய மூலக்கூறுகளைச் சிதைக்கும் முறை அண்மைக் காலத்தில் பெரிதும் ஆராயப்பட்டு வருகிறது. ஆய்வகத்தில் சில நிமிடங்களில் நிறம் மறைவது இம்முறையின் வெற்றியாக எடுத்துக்காட்டப்படுகிறது. ஆயினும் நிறம் மறைவதும் நீர் தூய்மையாவதும் ஒன்றல்ல. திருப்பூர்ச் சாயத் தொழிலால் நொய்யல் ஆறு அடைந்த கேட்டை உண்மைச் சான்றாகக் கொண்டு, பிளாஸ்மா முறை எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய இயலாதது, சுத்திகரிப்புத் தொடரில் அதற்குரிய இடம் யாது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. அதன் வழியே மூங்கில்துறைப்பட்டு அமைந்துள்ள தென்பெண்ணை வடிநிலத்திற்கு இம்முறை எவ்வாறு பொருந்தும் என்பதும் கருதப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பிளாஸ்மா, சாயக் கழிவுநீர், அசோ சாயம், ஹைட்ராக்சில் தனியுறுப்பு, நிறநீக்கம், உப்புக்கரைசல், நொய்யல், தென்பெண்ணை.

1. முன்னுரை

கல்வராயன் மலைக்கு வடக்கே தென்பெண்ணையின் கரையில், சாத்தனூர் அணைக்குக் கீழே அமைந்துள்ள ஊர் மூங்கில்துறைப்பட்டு. 2019-ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், கரும்பும் நெல்லும் விளையும் பாசனப் பகுதியின் நடுவில் உள்ளது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையாலும் அறியப்படுகிறது. ஆற்றை நம்பி வாழும் இத்தகைய ஊர்களுக்கு, தமிழகத்தின் மற்றோர் ஆறு தொழிற்கழிவால் எவ்வாறு கெட்டது என்பதை அறிவது வரலாற்றுச் செய்தி மட்டுமன்று, முன்னெச்சரிக்கையும் ஆகும். அவ்வாறு கெட்ட ஆறு நொய்யல்.

நொய்யலைக் கெடுத்தது சாயம் என்பதே பொதுவான கருத்து. அக்கருத்து பாதி உண்மையே. ஆற்றில் ஓடிய நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. நிறத்துடன் கலந்து ஓடிய உப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. வேளாண் நிலத்தையும் கிணறுகளையும் நெடுங்காலத்திற்குப் பாழாக்கியதில் உப்பின் பங்கு மிகப் பெரிது. சாயத்தை அழிக்கும் எந்தப் புதிய முறையை மதிப்பிடும்போதும் இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ளுதல் வேண்டும். பிளாஸ்மா முறையைப் பற்றிய இவ்விளக்கமும் அங்கிருந்தே தொடங்குகிறது.

2. நொய்யல்: நிறமும் உப்பும்

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோயம்புத்தூர், திருப்பூர் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கும் நொய்யலின் குறுக்கே, பாசனத்திற்காக ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டு 1992-ஆம் ஆண்டு பயன்பாட்டிற்கு வந்தது. அதே காலத்தில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. பருத்தித் துணிக்கு நிறமூட்டிய பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலில் கலந்து அணையில் தேங்கியது. பாசனத்திற்கெனக் கட்டிய அணை சாயக் கழிவின் தேக்கமாயிற்று. அதன் நீரைத் தங்கள் நிலத்தில் விடவேண்டாம் என்று உழவர்களே கூறும் நிலை உருவானது.

நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் தொடர்ந்து நீதிமன்றத்தை நாடினர். 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டுமாறு ஆணையிட்டது; 2009-இல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. ஆணை நிறைவேற்றப்படாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. ஒருபுறம் உழவரின் நிலம், மறுபுறம் தொழிலாளரின் பிழைப்பு என்னும் இரண்டும் ஒரே தொழில்நுட்பக் கேள்வியில் சிக்கிக்கொண்டன.

அக்கேள்வியின் மையம் உப்பு. பருத்தியுடன் வேதிப்பிணைப்புக் கொள்ளும் வினைத்திறச் சாயங்கள் இழையில் ஏறுவதற்குச் சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ பெருமளவில் சேர்க்கப்படுகிறது. அடர் நிறங்களுக்கு ஒரு லிட்டர் சாயத்தொட்டி நீருக்கு 100 கிராம் வரையிலும்கூட உப்புத் தேவைப்படும். இந்த உப்பு இழையில் தங்குவதில்லை. முழுவதும் கழிவுநீருக்கே வருகிறது. கரைந்த திண்மங்களின் அளவு லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. நிறத்தை நீக்கும் வழக்கமான முறைகள் எவையும் இவ்வுப்பைக் குறைப்பதில்லை. ஆகவேதான் எதிர்ச்சவ்வூடு பரவல், ஆவியாக்கிகள் ஆகியவற்றைக் கொண்ட செலவுமிக்க தொடர் அங்கு கட்டாயமாயிற்று.

3. சாய மூலக்கூறின் உறுதி

தொட்டியில் இடப்படும் வினைத்திறச் சாயம் முழுவதும் துணியில் ஏறுவதில்லை. சாயத்தின் வகையையும் நிற அடர்த்தியையும் பொறுத்து ஏறத்தாழ 10 முதல் 40 விழுக்காடு வரை நீருடன் வினைபுரிந்து, இழையுடன் பிணையும் ஆற்றலை இழந்து கழிவில் சேர்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை அசோ வகையைச் சார்ந்தவை. இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பும் அதன் இருபுறமும் உள்ள வளையங்களும் சேர்ந்தே நிறத்தைத் தருகின்றன.

வெயிலுக்கும் சலவைக்கும் வெளுக்காத சாயமே நல்ல சாயம். துணியில் சிறப்பாகக் கருதப்படும் அவ்வுறுதியே கழிவில் கேடாகிறது. காற்றுள்ள சூழலில் வளரும் நுண்ணுயிரிகளால் இச்சாயங்களை எளிதில் சிதைக்க இயலுவதில்லை. காற்றில்லாச் சூழலில் அசோ பிணைப்பு முறிந்து நிறம் மறைகிறது. ஆனால் நிறமற்ற அரோமாட்டிக் அமீன்கள் எஞ்சுகின்றன. அவற்றுள் சில புற்றுநோயை விளைவிக்கக்கூடியவை. சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் கொண்டு வீழ்படிவாக்கினால் மாசு நீரிலிருந்து கசடுக்கு இடம் மாறுகிறது, அழிவதில்லை. எனவே, மூலக்கூறையே உடைக்கும் மேம்பட்ட ஆக்சிஜனேற்ற முறைகளை அறிவியலாளர் நாடினர். அவற்றுள் ஒன்றே பிளாஸ்மா முறை.

4. பிளாஸ்மா நீரில் செய்வது என்ன

மின்னூட்டம் பெற்ற வளிமநிலைக்குப் பிளாஸ்மா என்னும் பெயரை இர்விங் லாங்மியூர் 1928-இல் வழங்கினார். பொருளின் நான்காம் நிலை எனப்படும் இது எப்போதும் மிகு வெப்பமுடையது எனக் கருதுதல் தவறு. நீர்த்தூய்மைக்குப் பெரும்பாலும் பயன்படுவது வெப்பச் சமநிலையற்ற பிளாஸ்மா ஆகும். இதில் எலக்ட்ரான்கள் மட்டும் சில எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றலைப் பெற்றிருக்க, வளிம மூலக்கூறுகள் அறை வெப்பநிலைக்கு அண்மையிலேயே இருக்கின்றன. ஓர் எலக்ட்ரான்-வோல்ட் என்பது ஏறத்தாழ 11,600 கெல்வினுக்கு இணையானது என்பதை நினைவிற்கொண்டால், குளிர்ந்த வளிமத்தினுள் எத்தகைய வினைத்திறன் அடங்கியுள்ளது என்பது விளங்கும்.

இந்த எலக்ட்ரான்கள் நீராவியின் மூலக்கூறுகளைத் தாக்கும்போது ஹைட்ரஜன் அணுவும் ஹைட்ராக்சில் தனியுறுப்பும் பிறக்கின்றன. உடன் காற்று இருப்பின் அணுநிலை ஆக்சிஜன், ஓசோன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியனவும் உருவாகின்றன. புற ஊதாக் கதிரும் வெளிப்படுகிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை ஒப்பிட்டால் ஹைட்ராக்சில் தனியுறுப்பு 2.80 வோல்ட், ஓசோன் 2.07, ஹைட்ரஜன் பெராக்சைடு 1.78, குளோரின் 1.36 என்னும் வரிசை கிடைக்கிறது. ஹைட்ராக்சில் தனியுறுப்பு பெரும்பாலான கரிமச் சேர்மங்களுடன் நொடிக்கு, மோலார் செறிவிற்கு, 10 கோடி முதல் 1000 கோடி வரையிலான வேக மாறிலியுடன் வினைபுரிகிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று சந்திக்கும் வேகமே இவ்வினையின் வேகம் எனலாம்.

இவ்வலிமையே அதன் வரம்பும் ஆகும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயமுள்ள நீரில் ஹைட்ராக்சில் தனியுறுப்பின் வாழ்நாள் சில மைக்ரோ நொடிகளே. அக்காலத்தில் அது பரவிச் செல்லக்கூடிய தொலைவு ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனில் பல நூற்றில் ஒரு பங்கு. சாயத்தைச் சந்திக்காத தனியுறுப்புகள் இரண்டு இரண்டாக இணைந்து ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறுகின்றன. ஆகவே பிளாஸ்மாவை உருவாக்குவதைக் காட்டிலும் பிளாஸ்மா பிறக்கும் இடத்திற்கே சாய மூலக்கூறைக் கொண்டு சேர்ப்பதே கடினமான பொறியியல் பணியாகும். உலை வடிவமைப்பின் வரலாறு முழுவதும் இவ்வொரு கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளது.

5. உலை வடிவங்கள்

நீர்த்தூய்மையில் பிளாஸ்மாவின் பயன்பாடு முற்றிலும் புதியதன்று. 1857-இல் வெர்னர் வான் சீமென்ஸ் உருவாக்கிய ஓசோன் கருவி, இன்று மின்காப்புத் தடை மின்னிறக்கம் எனப்படும் பிளாஸ்மா வகையையே பயன்படுத்தியது. பிரான்சின் நீஸ் நகரில் 1906 முதல் குடிநீர் ஓசோனால் தூய்மையாக்கப்பட்டது. ஓசோன் முறையில் பிளாஸ்மா நீருக்கு வெளியே தனிக் கருவியில் உருவாகிறது; நீண்ட நேரம் நிலைத்திருக்கும் ஓசோன் மட்டுமே குழாய் வழியாக நீருக்கு வந்து சேர்கிறது. நீரிலேயே பிளாஸ்மாவை உண்டாக்கும் முறையின் நோக்கம், வழியில் இழக்கப்படும் குறுகிய வாழ்நாள் துகள்களையும் பயன்படுத்திக்கொள்வதாகும்.

இம்முறையின் உலைகளை நான்கு வகைகளாகப் பகுத்துக் காணலாம்.

முதல் வகையில் மின்னிறக்கம் நீருக்கு உள்ளேயே நிகழ்கிறது. கூர்மையான ஊசிமுனைக்கும் தட்டுக்கும் இடையே பல்லாயிரம் வோல்ட் துடிப்புகள் செலுத்தப்படுகின்றன. காற்று சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோவோல்ட்டில் மின்முறிவு அடையும். நீருக்கோ அதனினும் பல மடங்கு, சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவோல்ட் அளவிலான மின்புலம் வேண்டும். ஊசிமுனையில் மட்டுமே அத்தகைய செறிவு கிட்டும். 1987-இல் கிளெமென்ட்ஸ், சாட்டோ, டேவிஸ் ஆகியோர் இவ்வகை மின்னிறக்கத்தால் நீரிலுள்ள சாயத்தின் நிறத்தை நீக்கியமை இத்துறையின் தொடக்க கால ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது. ஊசிமுனை தேய்வதும், நீரின் கடத்துதிறன் உயர்ந்தால் மின்னிறக்கக் கிளைகள் குறுகுவதும் இதன் குறைகள்.

இரண்டாம் வகையில் நீர்ப்பரப்பின் மீதுள்ள வளிமத்திலோ நீருள் செலுத்தப்படும் குமிழ்களிலோ பிளாஸ்மா உருவாகிறது. மின்காப்புத் தடை உலை, பிளாஸ்மாத் தாரை, வழுக்கு மின்வில் ஆகியன இவ்வகை. வழுக்கு மின்வில்லுக்கு ஈரக் காற்றே போதும்; விலையுயர்ந்த ஆர்கான் வேண்டியதில்லை. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் நீரில் தங்கிய ஹைட்ரஜன் பெராக்சைடு, பெராக்சிநைட்ரைட்டு ஆகியவற்றால் சாயச் சிதைவு தொடர்வது இவ்வகையில் கண்டறியப்பட்டுள்ளது. இது ஆற்றலைச் சேமிக்க உதவும் பண்பாகும்.

மூன்றாம் வகையில் நீர், பிளாஸ்மா உள்ள வெளியினூடே நுண்துளிகளாகத் தெளிக்கப்படுகிறது அல்லது மெல்லிய படலமாக வழியவிடப்படுகிறது. பரப்பளவு பெருகுவதால் தனியுறுப்புகள் வீணாகாமல் சாயத்தைச் சேர்கின்றன. எம். ஏ. மாலிக் 2010-இல் 27 வகை உலைகளை ஒப்பிட்டு வெளியிட்ட மதிப்பீட்டில், மிகச் சிறந்த உலைக்கும் மிகத் தாழ்ந்த உலைக்கும் இடையே ஆற்றல் திறனில் ஐந்து பத்தடுக்கு, அதாவது ஏறத்தாழ இலட்சம் மடங்கு வேறுபாடு உள்ளது எனக் காட்டினார். துடிப்பு மின்சாரத்தில் இயங்கும் தெளிப்பு உலைகள் முன்னணியில் இருந்தன.

நான்காம் வகை தொடு ஒளிர் மின்னிறக்க மின்னாற்பகுப்பு. 1887-இல் குப்கின் கரைசலின் மேற்பரப்பில் ஒளிர் மின்னிறக்கத்தால் வேதிவினை நிகழ்த்தினார். 1964-இல் ஹிக்லிங், இங்ராம் ஆகியோர் மின்வாயைச் சுற்றி ஆவியுறை தோன்றி அதனுள் பிளாஸ்மா ஒளிரும் நிலையை விரிவாக விளக்கினர். இதற்குச் சில நூறு வோல்ட் நேர்மின்னோட்டம் போதும். மேலும் முதல் வகைக்கு மாறாக, இது நன்கு மின்கடத்தும் உப்புநீரிலேயே சிறப்பாக இயங்கும். இப்பண்பின் முக்கியத்துவம் எட்டாம் பகுதியில் விளக்கப்படும்.

6. நிறநீக்கம் வேறு, சிதைவு வேறு

பிளாஸ்மா முறை பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை மெத்திலீன் நீலம், மெத்தில் ஆரஞ்சு போன்ற மாதிரிச் சாயங்களை வாலைவடி நீரில் கரைத்து, நிறமாலைமானியால் நிறக்குறைவை அளந்து, அதனையே சிதைவு விழுக்காடாகக் குறிப்பிடுகின்றன. இந்நடைமுறையில் நான்கு பிழைகள் நேரக்கூடும் என்பதை ஆய்வாளர்கள் கருத்தில் கொள்ளுதல் நன்று.

முதலாவது, பி.எச். மாற்றம். காற்றுப் பிளாஸ்மா நைட்ரிக், நைட்ரஸ் அமிலங்களை உண்டாக்குவதால் தாங்கல் கரைசல் இல்லாத நீரின் பி.எச். மதிப்பு 3-ஐ ஒட்டி இறங்கக்கூடும். மெத்தில் ஆரஞ்சு 4.4-க்கு மேல் மஞ்சளாகவும் 3.1-க்குக் கீழ் சிவப்பாகவும் இருப்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. அதன் உட்கவர் உச்சம் 464 நானோமீட்டரிலிருந்து 505-ஐ ஒட்டி நகர்கிறது. 464-இல் மட்டும் அளந்தால் நிறமாற்றம் சிதைவாகத் தோன்றும். உண்மையில் மூலக்கூறு அப்படியே இருக்கலாம். அளவிடும் முன் ஒவ்வொரு மாதிரியையும் ஒரே பி.எச். மதிப்பிற்குக் கொண்டுவருதல் இப்பிழையைத் தவிர்க்கும்.

இரண்டாவது, முழுமையற்ற சிதைவு. அசோ பிணைப்பு முறிந்தவுடன் நிறம் மறைகிறது, வளையங்கள் எஞ்சுகின்றன. ரியாக்டிவ் பிளாக் 5 சாயத்தில் 597 நானோமீட்டர் உச்சம் மறைந்த பின்னும் 254, 310 நானோமீட்டர் பகுதிகளில் வளையங்களின் உட்கவர்தல் நீடிப்பதைக் காணலாம். வளையங்கள் உடைந்தபின் ஆக்சாலிக், பார்மிக், அசிட்டிக் போன்ற சிறு அமிலங்கள் தோன்றுகின்றன. இவற்றுள் ஆக்சாலிக், அசிட்டிக் அமிலங்களுடன் ஹைட்ராக்சில் தனியுறுப்பு மெதுவாகவே வினைபுரிகிறது. ஆகவே மொத்தக் கரிமக் கார்பனின் குறைவு நிறக்குறைவைவிட எப்போதும் பின்தங்கியே நிற்கும். இரண்டையும் சேர்த்தே அறிவித்தல் வேண்டும்.

மூன்றாவது, எஞ்சிய ஹைட்ரஜன் பெராக்சைடு. வேதி ஆக்சிஜன் தேவையை டைகுரோமேட்டால் அளக்கும்போது ஒரு மில்லிகிராம் பெராக்சைடு ஏறத்தாழ 0.47 மில்லிகிராம் தேவையாகப் பதிவாகி மதிப்பைக் கூட்டும். மேலும், மாதிரி எடுத்த பின்னரும் பெராக்சைடால் வினை தொடரும். மாதிரி எடுத்தவுடன் கேட்டலேஸ் நொதியால் பெராக்சைடை அழித்து வினையை நிறுத்துதல் தேவை.

நான்காவது, நச்சுத்தன்மைச் சோதனை. பச்சைப்பயறு முளைப்புச் சோதனை நம் கல்லூரிகளில் எளிதில் செய்யத்தக்கது. ஆனால் காற்றுப் பிளாஸ்மாவால் நீரில் சேர்ந்த நைட்ரேட்டு பயிருக்கு உரமாகி வளர்ச்சியைத் தூண்டக்கூடும். சிதைவுப் பொருள்களின் நஞ்சு அதனால் மறைக்கப்படலாம். அதே அளவு நைட்ரேட்டு கொண்ட ஒப்பீட்டுக் கரைசல் ஒன்றும் சோதனையில் இடம்பெறுதல் வேண்டும். குடிநீரில் நைட்ரேட்டுக்கு இந்தியத் தர நிர்ணய வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பதால், அதன் அளவையும் தனியே அறிவித்தல் கடமையாகும்.

7. மின்னாற்றல் கணக்கு

‘20 நிமிடத்தில் 90 விழுக்காடு நிறநீக்கம்’ என்னும் முடிவு எவ்வளவு மின்சாரத்தில் பெறப்பட்டது என்பதே தொழிலுக்குப் பயன்படும் செய்தி. மாசை பத்தில் ஒரு பங்காகக் குறைக்க ஒரு கனமீட்டர் நீருக்குத் தேவைப்படும் மின்னாற்றல் என்னும் அளவீடு மேம்பட்ட ஆக்சிஜனேற்ற முறைகளை ஒப்பிட உலகெங்கும் பயன்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். உலையின் திறன் 50 வாட். நீரின் அளவு 200 மில்லிலிட்டர். நேரம் 20 நிமிடம். குறைவு 90 விழுக்காடு எனக் கொள்வோம். செலவான ஆற்றல் 0.0167 கிலோவாட்-மணி. அதனை ஒரு கனமீட்டருக்குப் பெருக்கினால் 83.3 கிலோவாட்-மணி, அதாவது 83.3 யூனிட். ஒரு யூனிட் 8 ரூபாய் எனக் கணக்கிட்டால், ஆயிரம் லிட்டர் கழிவுநீரின் நிறத்தை நீக்க 667 ரூபாய் மின்சாரச் செலவு. எதிர்ச்சவ்வூடு பரவலில் ஆயிரம் லிட்டர் உவர்நீரைத் தூய்மையாக்க ஒருசில யூனிட்டுகளே போதும் என்பதுடன் இதனை ஒப்பிட்டால் இடைவெளி விளங்கும்.

இக்கணக்கு பிளாஸ்மா முறையைத் தள்ளிவிடுவதற்காகக் கூறப்பட்டதன்று. உலையின் வடிவம் மாறினால் ஆற்றல் செலவு பல மடங்கு குறையலாம் என்பதை மாலிக்கின் ஒப்பீடு காட்டுகிறது. அவ்வாறாயின், ஓர் ஆய்வுக்கட்டுரையில் நிறநீக்க விழுக்காட்டைவிட ஆற்றல் அளவே முதன்மையான முடிவாக இருத்தல் வேண்டும். நீரில் சிறிதளவு இரும்பு அயனியைச் சேர்த்து, வீணே தங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை, பென்டன் 1894-இல் அறிவித்த வினையின் வழியே மீண்டும் ஹைட்ராக்சில் தனியுறுப்பாக மாற்றுவது செலவைக் குறைக்கும் எளிய வழிகளுள் ஒன்று. பிளாஸ்மாவால் நீர் தானே அமிலமாவது இவ்வினைக்குச் சாதகமாகவும் அமைகிறது.

8. உப்பின் குறுக்கீடும் உப்புக்கரைசலின் வாய்ப்பும்

உண்மைச் சாயக் கழிவுநீரில் உப்பு, காரம், கஞ்சி, சோப்பு ஆகியன சாயத்தைவிடப் பன்மடங்கு மிகுந்திருக்கும். பைகார்பனேட்டும் கார்பனேட்டும் ஹைட்ராக்சில் தனியுறுப்பை விழுங்குகின்றன. குளோரைடின் நடத்தை சற்றுச் சிக்கலானது. நடுநிலை நீரில் குளோரைடு தனியுறுப்பைப் பற்றினாலும் உடனே விட்டுவிடுகிறது. அமில நீரிலோ அவ்வினை திரும்பாமல் முன்சென்று குளோரின் தனியுறுப்புகளைத் தருகிறது. நீரை அமிலமாக்குவது பிளாஸ்மாவின் இயல்பு என்பதால், குளோரைடின் குறுக்கீட்டைப் பிளாஸ்மாவே வளர்க்கிறது எனலாம். அப்போது உருவாகும் செயல்மிகு குளோரினும் நிறத்தை வெளுக்கும். ஆனால் அதன் விளைவாகக் குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்கள் தோன்றக்கூடும். அவை மூலச் சாயத்தினும் தீயனவாக இருக்கலாம். உப்புநீரில் நிறம் விரைந்து மறைந்தது என்பது மகிழ்ச்சிக்குரிய முடிவாகத் தோன்றினும், குளோரின் ஏறிய சேர்மங்களை அளக்காத வரை அதனை ஏற்க இயலாது.

சோடியம் சல்பேட்டு இவ்வாறு குறுக்கிடுவதில்லை. இங்கேதான் திருப்பூரின் அனுபவம் ஒரு வழியைக் காட்டுகிறது. அங்குள்ள அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், சவ்வுகள் ஒதுக்கிய செறிந்த உப்புக்கரைசலை ஆவியாக்கி வீணாக்காமல், தூய்மையாக்கி மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்பும் முறை நடைமுறைக்கு வந்தது. உப்பு மாசாக இருந்த நிலை மாறி மறுபயன் பொருளாயிற்று. ஆனால் முந்தைய நிறத்தின் எச்சம் கரைசலில் இருந்தால் அடுத்த துணியின் நிறம் கெடும். ஆகவே, உப்பை விட்டுவைத்துச் சாயத்தை மட்டும் அழிக்கும் முறை ஒன்று அங்கு வேண்டப்படுகிறது. உப்பை நீக்க இயலாமை பிளாஸ்மாவின் குறை என்று கூறினோம். இவ்விடத்தில் அக்குறையே தகுதியாகிறது.

ஆற்றல் கணக்கும் இங்கு மாறுகிறது. சவ்வு நிலையில் 85 முதல் 90 விழுக்காடு நீர் மீட்கப்படுமாயின், ஆயிரம் லிட்டருக்கு 100 முதல் 150 லிட்டர் செறிகரைசலே எஞ்சும். மேற்கண்ட 83.3 யூனிட் செலவை இச்சிறு அளவிற்கு மட்டும் செய்தால், மூலக் கழிவுநீரின் ஆயிரம் லிட்டருக்கு அது 8.3 முதல் 12.5 யூனிட்டாகக் குறைகிறது. செறிவு மிகுந்த கரைசலில் தனியுறுப்புகள் சாயத்தைச் சந்திக்கும் வாய்ப்புக் கூடுவதால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சிதையும் சாயத்தின் அளவும் பொதுவாக உயரும். அதே வேளையில் சிதைக்கவேண்டிய மொத்தச் சாயமும் அங்கே திரண்டிருப்பதால் உண்மைச் செலவைச் சோதனையே தீர்மானிக்கும். மின்கடத்தும் கரைசலையே விரும்பும் தொடு ஒளிர் மின்னிறக்க முறை, சல்பேட்டு உப்புக்கரைசலுடன் இணைவது ஆய்வுக்குரிய நல்ல களமாகும். திருப்பூருக்கு அண்மையிலுள்ள கோவை, சேலம் கல்லூரி ஆய்வகங்களில் பிளாஸ்மா, நெசவுத் துறை அறிவு இரண்டும் இருப்பதால் இக்களம் நம் ஆய்வாளருக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளது.

9. தென்பெண்ணை வடிநிலத்திற்கான பொருத்தம்

நொய்யலில் பெற்ற இப்படிப்பினையுடன் தென்பெண்ணையை நோக்குவோம். கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றும் இவ்வாறு, பெங்களூருவின் கழிவுநீரையும் ஏற்று ஒசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கு வெண்ணுரை பொங்குவது செய்திகளில் பலமுறை இடம்பெற்றுள்ளது. பின்னர் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து மூங்கில்துறைப்பட்டு வழியே திருக்கோவிலூர் சென்று, கடலூருக்கு அருகில் கடலை அடைகிறது. மேற்பகுதியில் சேரும் கழிவின் விளைவைக் கீழ்ப்பகுதி உழவரே ஏற்க நேரும் என்பதில் நொய்யலுக்கும் தென்பெண்ணைக்கும் வேறுபாடில்லை. திருப்பூரின் கழிவுக்கு ஈரோடு, கரூர் மாவட்ட உழவர் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

ஓடும் ஆற்றையோ அணையில் தேங்கிய நீரையோ பிளாஸ்மாவால் தூய்மையாக்க முடியுமா என்னும் வினாவிற்கு மேற்கண்ட ஆற்றல் கணக்கே விடை தருகிறது, முடியாது. இம்முறை மாசு தோன்றும் இடத்தில், அளவு குறைந்தும் செறிவு மிகுந்தும் உள்ள நீருக்கே பொருந்தும். சிறு பட்டறைகளுக்குச் சவ்வு அமைப்புகள் எட்டாத நிலையில், ‘முதலில் செறிவாக்கு, பின்னர் அழி’ என்னும் கொள்கையை வேறு வழியிலும் செயற்படுத்தலாம். கரும்புச் சக்கையிலிருந்து பெறப்படும் கரியும், சக்கையை எரித்தபின் எஞ்சும் பறக்கும் சாம்பலும் சாயங்களைத் தம் பரப்பில் கவர்ந்துகொள்வன என்பது இந்திய ஆய்வகங்களில் நன்கு நிறுவப்பட்டுள்ளது. சாயத்தை ஏற்ற கரியைக் குப்பையில் கொட்டினால் மாசு மீண்டும் மண்ணைச் சேரும். அக்கரியைச் சிறு பிளாஸ்மா உலையில் இட்டுச் சாயத்தைச் சிதைத்து, கரியை மறுபடியும் பயன்படுத்த இயலுமா என்பது பொருளுள்ள ஆய்வுவினா. சர்க்கரை ஆலை உள்ள மூங்கில்துறைப்பட்டு போன்ற இடங்களில் மூலப்பொருள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. எத்தனை சுழற்சிகளுக்குக் கரியின் கவர்திறன் நிலைக்கிறது, ஒவ்வொரு சுழற்சிக்கும் எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்னும் இரண்டு அளவுகளே இதன் பயனைத் தீர்மானிக்கும்.

10. முடிவுரை

இக்கட்டுரையில் விளக்கப்பட்டவற்றிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

• பிளாஸ்மா முறை ஹைட்ராக்சில் தனியுறுப்பின் வழியே சாய மூலக்கூறை உடைக்க வல்லது. கரைந்த உப்பை அது நீக்காது. ஆகவே நொய்யல் போன்ற சிக்கலுக்கு அது தனித்த தீர்வாகாது.

• நிறம் மறைந்தமை சிதைவுக்குச் சான்றாகாது. பி.எச். சமன்செய்த நிறமாலை, மொத்தக் கரிமக் கார்பன், எஞ்சிய பெராக்சைடு, நைட்ரேட்டு, குளோரின் ஏறிய சேர்மங்கள், நச்சுத்தன்மை ஆகியன சேர்ந்தே முடிவைத் தரும்.

• ஒரு கனமீட்டருக்கு ஆகும் மின்னாற்றலைக் குறிப்பிடாத ஆய்வு முடிவு, தொழிலுக்கும் பயன்படாது. பிறர் முடிவுடன் ஒப்பிடவும் இயலாது.

• சவ்வு நிலை ஒதுக்கும் சல்பேட்டு உப்புக்கரைசலை மறுபயன்பாட்டிற்கு உரியதாக்குவதும், சாயம் ஏறிய கரியைப் புதுப்பிப்பதும் இம்முறைக்கு ஏற்ற இடங்களாகத் தோன்றுகின்றன.

வாலைவடி நீரில் கரைத்த மெத்திலீன் நீலத்தின் மறைவைப் பதிவு செய்யும் நிலையிலிருந்து, பட்டறையின் வாயிலிலிருந்து எடுத்த உண்மைக் கழிவுநீரைச் சோதிக்கும் நிலைக்கு நம் ஆய்வுகள் நகர்தல் வேண்டும். ஒரத்துப்பாளையத்தின் கீழ் நிலமுடைய உழவருக்குத் தேவைப்பட்டது நிறமற்ற நீர் மட்டுமன்று. பயிர் ஏற்கும் நீர். தென்பெண்ணைக் கரை உழவருக்கும் அத்தேவையே உரியது. ஆய்வின் வெற்றியை அந்த அளவுகோலால் அளப்பதே பொருத்தமாகும்.